எழுபத்து மூன்று மருத்துவச்சிகள்

1944 ஜூன் 12, திங்கள்

மழை இல்லை. கொத்தமல்லி விலை ஏறுகிறது, கடையில் சரக்கு இருக்கிறது, நமக்கு நல்லது. மகள் ரோஸி இன்றும் திருச்சுழிப் பக்கம் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். நர்ஸ் படிப்பு முடித்தவளுக்கு சர்க்கார் கொடுத்திருக்கும் வேலை இது: பன்னிரண்டு ஊரில் பேறுகாலம் பார்க்கிற மருத்துவச்சிகள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். மாத முடிவுக்குள் பெயர் ஜாபிதா சரியாகப் போனால் மெட்ராஸில் இதே ஆராய்ச்சி வேலை நிரந்தரம். இல்லையென்றால் அத்தோடு சரி.

இதுவரை அகப்பட்டது நாலு பேர். மற்றவர்கள் காகிதத்தைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார்கள் — வரி போடுவார்கள் என்று பயம்.

"இத எண்ணுறதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேட்டேன்.

"எங்க ஆளிருக்கு, எங்க இல்லன்னு தெரியாம நர்சை எங்கப்பா கொண்டுபோய் வைக்க?"

சரிதான். இருப்புப் பார்க்காமல் நானும்தான் லோடு இறக்கமாட்டேன்.

ஜூன் 15, வியாழன்

இன்னும் நாலுதான். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 17, சனி

என்னிடம் விட்டிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும். அந்தப் பக்கத்து வண்டிக்காரர்களிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்: மருத்துவச்சிகள் திங்கட்கிழமை என் கடைக்கு வந்து பெயர் கொடுத்தால் சுக்கும் திப்பிலியும் ஒரு பொட்டலம் இனாம். பிற்பாடு மருந்துச் சாமான் வாங்கவும் நம்மிடமே வருவார்கள். ரோஸியிடம் சொல்லவில்லை. அசந்து போகட்டும்.

ஜூன் 19, திங்கள்

அசந்துதான் போனாள். எழுபத்து மூன்று பேர்! தேர் பார்க்கிற கூட்டம். முறுக்கு விற்கிற சந்தனம்கூட வரிசையில்.

"நீ எப்பத்திலருந்து மருத்துவச்சி?"

"ஒருவாட்டி ஆட்டுக்குப் பாத்தேன் அண்ணாச்சி."

கூட்டம் சிரித்தது. ரோஸி சிரிக்கவில்லை. "என்னப்பா செஞ்சு வச்சிருக்கீக? நாலுன்னு எழுதினாலும் பொய்யி, எழுவத்திமூணுன்னு எழுதினாலும் பொய்யி!" கண் கலங்கிவிட்டது.

கூறு கெட்டவன் நான். இனாம்னா ஆருதான் வரமாட்டாக? முப்பது வருசம் ஏவாரம் பண்ணி என்ன புண்ணியம்?

ரோஸி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் பொட்டலத்தை முதலிலேயே கொடுத்து முடித்தாள். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி: "ஒங்க மகளுக்கு இன்னைக்கு வலி கண்டா ஆரைக் கூப்பிடுவீக?"

பொட்டலம்தான் கைக்கு வந்தாயிற்று, பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மகள் உயிர் என்றதும் யாரும் விளையாடவும் இல்லை. சந்தனமே, "எம் மகளுக்கு நானா? ராமலட்சுமியத்தான் கூப்பிடுவேன்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் பெயர் தேறியது. அதுபோக, மாரிக்கனி என்ற பெயரை மட்டும் ஒன்பது பேர் சொன்னார்கள். அவள் வரவே இல்லை!

ஜூன் 20, செவ்வாய்

ரோஸியோடு நானும் வண்டி கட்டிக்கொண்டு மாரிக்கனியைத் தேடிப் போனேன். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ஒரு வீட்டுல ரெட்டப் பிள்ளை அண்ணாச்சி. ஒங்க சுக்குக்காக ரெண்டையும் உள்ளயே இருங்கன்னா சொல்ல முடியும்?"

ஆக, பத்தொன்பது. ஐந்து ஊரில் ஒருத்திகூட இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் ரோஸிக்குச் சிரிப்பு. இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்டு 28, திங்கள்

மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ரோஸிக்கு வேலை நிரந்தரம், ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஆளில்லாத ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரு நர்ஸ் போடுகிறார்கள். ரோஸி கேட்ட கேள்வியை இனி எல்லா ஜில்லாவிலும் கேட்பார்களாம்.

கூடவே, கணக்கெடுப்பவர்களுக்கென்று இங்கிலீஷில் அச்சடித்த விதிகள். ஏழாவதை எனக்குத் தமிழில் சொன்னாள்: "கணக்கெடுப்பவரோ, அவருடைய உறவினரோ, யாருக்கும் இனாம் வழங்கக் கூடாது."

"உறவினருன்னு ஆரு போடச் சொன்னது?"

"நாந்தான்."

அவள் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டேன். சர்க்கார் எனக்காக ஒரு விதி எழுதியிருக்கிறது, லேசா? இன்று மாத்திரம் பதினோரு பேருக்குக் காட்டியாயிற்று.