பேட்டரிக்கு வைத்த பொட்டு

கிராணி ஐயா,

இன்று ஆயுத பூசை. பகா டவுனில் என் கார்ப் பட்டறை வேலையாட்கள் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கார்களுக்குப் பொட்டு வைக்கக் கிளம்பினார்கள். அந்த வாசனை பட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கண்ணாடியில வை, கதவுல வை. பேட்டரி பக்கம் போனா கையை ஒடிச்சிடுவேன்" என்று கத்தினேன். நல்ல நாளும் அதுவுமாகக் கிழவனுக்கு என்ன வந்தது என்று முழித்தார்கள். வந்தது நீங்கள்தான்.

ஜப்பான்காரன் காலத்தில், ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பழைய காரை நான் ஓட்டினேன். நம் ரப்பர் தோட்டத்தைப் பிடித்துக்கொண்ட ஜப்பான் அதிகாரி பின்னால் உட்கார்ந்து வருவான். காரைக் கழுவித் துடைப்பது என் தம்பி. அந்த வருடப் பூசைக்குப் பேட்டரியையே கழற்றிச் சாமி முன்னால் வைக்கச் சொன்னீர்கள். "வண்டிக்கு உசிரே இதுலதான்லா இருக்கு" என்று அதன் இரண்டு ஈயக் குமிழிலும் சந்தனத்தை அப்பினீர்கள். நான் சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள் நீங்களே அதை மாட்டியும் விட்டீர்கள். தோட்டத்துக் கணக்குவழக்கெல்லாம் கையில் வைத்திருக்கும் பெரிய கிராணி செய்தால் யார் கேட்பது?

அதற்குப் பிறகு கார் பேயாட்டம் போட்டது. ஒரு நாள் ஒழுங்காக ஓடும். மறுநாள் செம்மண் பாதையில் வேகம் குறைத்தால் இஞ்சின், விளக்கு, ஹாரன் எல்லாம் ஒன்றாகச் செத்துவிடும். பானெட்டைத் திறந்து தட்டினால் பிழைத்துக்கொள்ளும். ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தேன், பிடிபடவில்லை. சுவா ஊருக்குப் போகும் வழியில் மறுபடி நின்றபோது, காருக்குப் பொறுப்பான உங்களை அதிகாரி அறைந்தான். வாங்கிய அறையை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே! என் தம்பியைக் கை காட்டினீர்கள். சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்குக் கூலியாகப் பிடித்துப் போகிறவர்களோடு அவனையும் ஸ்டோரில் அடைத்தார்கள்.

எல்லாம் ஒன்றாகச் சாகிறதென்றால் கோளாறு வேரில்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேட்டரிக் கவ்வியைக் கழற்றினேன். ஈயத்துக்கும் கவ்விக்கும் நடுவே உங்கள் சந்தனம் காய்ந்து ஓடாகக் கிடந்தது. ஒரு குலுக்கலில் கரண்டு அறும், இன்னொரு குலுக்கலில் ஒட்டும். சுரண்டி எடுத்துக்கொண்டு உங்களிடம் ஓடி வந்தேன்.

"அதிகாரிகிட்ட சொல்லுங்க ஐயா. தம்பிய ஏத்திட்டுப் போக லாரி வந்துரும்."

"நான் வெச்சதுன்னு தெரிஞ்சா என் தலை போயிரும்லா. ரெண்டு மாசத்துல வந்துருவான், போ."

நானே போய் அதிகாரியிடம் காட்டினேன். அவன் உங்களைப் பார்த்தான். தோட்டத்தில் அவன் பாஷை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஏதோ சொன்னீர்கள், அவன் என்னை உதைத்தான். என்ன சொன்னீர்கள் என்று இன்றுவரை தெரியாது. லாரி கிளம்பும்போது தம்பி, "ஐயா, நான் ஒண்ணும் தொடலே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று உங்களைப் பார்த்துத்தான் கத்தினான்.

நான் சுரண்டிவிட்டதால் கார் பிறகு நிற்கவே இல்லை. "பாத்தீங்களா, அவன் போனான், காரு ஓடுது" என்று கூலி வீட்டு லயம் முழுக்கச் சொன்னீர்கள். பாவி!

வயதாகிப் படுக்கையில் செத்தீர்கள். பிள்ளைகள் குறையில்லாமல் கருமாதி செய்தார்கள். செத்தவரைத் திட்டாதே, வெறுப்பை இறக்கி வை என்கிறார்கள். என் தம்பி செத்தான் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அவனுக்கு எந்த நாளில் திதி கொடுப்பது என்று யாராவது சொல்லட்டும். அன்றைக்கு இறக்கி வைக்கிறேன்.