தட்டில் முளைக்கும் முன்னால்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், உன் அப்பாவும் சுகம் என்று இந்த முறை நிஜமாகவே எழுத முடிகிறது, அதுவே பெரிய காரியம். நீயும் மருமகளும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பா பிழைத்தது எப்படி, உன் மகள் சிட்டு அப்படி என்னதான் செய்தாள் என்று போனில் துளைத்துத் துளைத்துக் கேட்டாய். அவளைக் கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்கிறாளாம். எனக்கும் போனில் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, உன் அப்பா வேறு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார், மயக்கமாகக் கிடந்தவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரி. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற விஞ்ஞானம் இது, தப்பிருந்தால் உன் மகளிடம் கேட்டுச் சரிசெய்துகொள்.

சிறுநீரகக் கல்லை எடுத்தது வரைக்கும் உனக்குத் தெரியும். அதற்கு மறுநாள்தான் குளிரும் காய்ச்சலும் வந்தது. கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம். உன் அப்பா லாரி ஓட்டின காலத்தில் மலைச்சாலையில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட இப்படி நடுங்கியதில்லை என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டுக் கண்ணை மூடினவர்தான், பிறகு நான் கூப்பிட்டதற்கு ஒரு முனகல்தான் பதில். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார் பெரிய டாக்டர். பலமான மருந்து ஒன்றைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த டெய்லரின் மனைவிக்கும் அதே பாட்டில்தான் தொங்கியது. ஏறிக்கொண்டே இருக்கிறது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. நீ கிளம்பி வரட்டுமா என்று கேட்டாயே, அந்தச் சமயம்தான். வா என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம்.

இனி கீழ்த்தளத்தில், சிட்டு வேலை பார்க்கிற பரிசோதனைக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதை என்னிடம் சொன்னது சிட்டு இல்லை, அந்தக் கூடத்துக்குப் பெரியவரான மேடமே வந்து சொன்னார். அப்பாவிடம் எடுத்த ரத்தம் அங்கேதான் போகிறது. ஒரு பாட்டிலில் விட்டுச் சூடான பெட்டிக்குள் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள், உள்ளே கிருமி பெருகினால் பெட்டியே குரல் கொடுக்கிறது. முன்பெல்லாம் அதற்குப் பிறகு ஒரு சொட்டு எடுத்து ஜெல்லி மாதிரி ஊற்றின தட்டில் தடவி, அது முளைத்து வரும்வரை காத்திருந்து, முளைத்ததை வைத்து இன்னும் சோதித்துத்தான் இது இன்ன கிருமி என்று சொல்வார்களாம். இப்போது அதற்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது. அலமாரி உயரம்தான். கிருமியைத் துளியூண்டு ஒரு இரும்புத் தகட்டில் தடவி உள்ளே வைத்தால் அதன் மேல் ஒரு ஒளி பாய்கிறது, கிருமி தூள் தூளாகி ஒரு வெறும் குழாய்க்குள் பறக்கிறது. லேசான தூள் முன்னால் வந்து சேரும், கனமானது பின்னால் வரும். எது எப்போது வந்தது என்பதை வைத்தே மெஷின் பெயரைச் சொல்லிவிடுகிறது. மெஷின் வேலை செய்கிற விதத்தை மட்டும் சிட்டுதான் விளக்கினாள், கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு நீங்கள் எல்லோரும் படியேறி ஓடி வருவீர்கள், நான் அடுப்படியில் திரும்பிப் பார்க்காமலே இது நீ, இது உன் அக்கா, இது மாடி வீட்டுக் குண்டன் என்று சொல்வேனே, அப்படித்தானே இது என்றேன். ஆமாம் பாட்டி, அப்படியேதான் என்று கட்டிக்கொண்டாள். நினைத்துப் பார், கண்ணுக்கே தெரியாத ஒன்றின் காலடியைக் கேட்கிற காது அது.

ஆனால் அந்தக் காது கேட்டதை வாய் சொல்வதில்லை, அதுதான் அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. மெஷின் வந்த புதிதில் ஒரு முறை அண்ணன் தம்பி மாதிரி ஒத்த சாயலுள்ள இரண்டு கிருமிகளை மாற்றிச் சொல்லிவிட்டதாம். மேலே டாக்டர்கள் பிடித்துக்கொண்டார்கள், காலையில் ஒன்று சொல்கிறீர்கள் மறுநாள் ஒன்று சொல்கிறீர்கள், எதை நம்புவது என்று. அன்றிலிருந்து மெஷின் சொன்னதைத் தனியாக அனுப்புவதில்லை, தட்டில் முளைத்ததும் சரிபார்த்து இரண்டையும் சேர்த்தே அனுப்புவது என்று ஆகிவிட்டது. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த கதைதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பேச்சு வாங்க வேண்டாம் என்றுதான்.

அப்பாவின் ரத்தப் பாட்டிலுக்குப் பெட்டி குரல் கொடுத்த அன்று சிட்டுதான் வேலையில் இருந்தாள். மெஷினில் வைத்தாள், பெயர் வந்தது. ரயில்வண்டி நீளத்துக்கு ஒரு பெயர், என் வாயில் நுழையவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்த மருந்து அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாதாம், பச்சைத் தண்ணீர் மாதிரிதானாம். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டில் தடவியது முளைக்க மறுநாள் ஆகும். மேலே கிடப்பது அவளைத் தோளில் தூக்கி வளர்த்த தாத்தா. நானாக இருந்தால் அந்தச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடியிருப்பேன். அவள் ஓடவில்லை. மேடத்தின் அறைக்குப் போய் நின்றாளாம். கையில் தாத்தாவின் முடிவு மட்டும் இல்லை, அன்றைக்குத் தட்டுக்காகக் காத்துக் கிடந்த எல்லாருடையதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். “எங்க தாத்தாவுக்கு மட்டும் சொன்னா அது தப்பு மேடம். எல்லாருக்கும் சொல்லிடலாம். மெஷின் சொன்னது, தட்டு இன்னும் சொல்லலைன்னு அப்படியே சொல்லிடலாம்” என்றாளாம். மேடம் எல்லாச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, நீ தாத்தா சீட்டைத் தொடாதே, நானே மறுபடி வைத்துப் பார்க்கிறேன் என்று தன் கையால் இன்னொரு முறை மெஷினில் வைத்தார். அதே பெயர் வந்தது. உடனே பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். நாளைக்குத் தட்டு வேறு மாதிரி சொன்னால் நான் என்ன செய்வது என்று அவர் கேட்டாராம். “நாளைக்கு மறுபடி மாத்துங்க டாக்டர். இன்னிக்கு என்ன செய்யப் போறீங்க?” என்றார் மேடம்.

டாக்டர் போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனதை நான் பார்த்தேன். எங்கே போகிறார் என்று அப்போது தெரியாது, கையை விரித்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். அவர் மெஷின் முன்னால் நின்று எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார், இவர்கள் தெரிந்ததற்குப் பதில் சொல்லித் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லியிருக்கிறார்கள். மேலே வந்ததும் என்னிடமே வந்து, அம்மா மருந்தை மாத்துறேன், நாளைக்கு இன்னும் தெளிவாத் தெரியும், நம்பிக்கையா இருங்க என்றார். நல்ல மனிதர், பொறுப்புள்ளவர் அப்படித்தான் யோசிப்பார். பழைய பாட்டிலைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். சற்றைக்கெல்லாம் டெய்லர் மனைவிக்கும் வேறு மருந்து வந்தது. எங்களுக்கும் மாத்திட்டாங்களே, என்ன விஷயம் என்று டெய்லர் என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும். இப்போது தெரியும்.

மறுநாள் மேடம் என்னைக் கீழே கூட்டிப்போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துத் தட்டைக் காட்டச் சொன்னார். சிட்டு கையுறையோடு தூக்கிக் காட்டினாள். மஞ்சளாக ஊசிமுனைப் புள்ளிகள், அவ்வளவுதான். லாரியையே அடக்கின ஆளைச் சாய்க்கப் பார்த்தது இதுவா என்று கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தேன். தட்டும் மெஷின் சொன்னதையேதான் சொன்னது. ஆனால் தட்டு வாயைத் திறந்தபோது மேலே உன் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பிளேடு மொட்டை என்று வார்டு ஆளைத் திட்டிக்கொண்டே சவரம் செய்துகொண்டிருந்தார். இப்போது அங்கே எந்த முடிவையும் காக்க வைப்பதில்லையாம், முதலில் மெஷின் சொன்னது, பின்னால் தட்டு சொன்னது என்று இரண்டு தடவை போகிறதாம்.

ரத்தமும் சளியும் தொடுகிற வேலை எதற்கு, இங்கே வந்து ஏசி அறையில் உட்காரட்டும் என்று நீ அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். வருவதும் வராததும் அவள் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். இனிமேல் அந்த வேலையை அப்படிச் சொல்லாதே, அவ்வளவுதான் நான் கேட்பது. டெய்லரின் மனைவி வீடு திரும்பும்போது பக்கத்துக் கட்டில்காரி என்று எனக்குத்தான் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். யாருக்குப் போட வேண்டியது என்று அவளுக்குத் தெரியாது. நான் உன் மகளுக்காக வாங்கி வைத்திருக்கிறேன்.

மருமகளுக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன ரத்தப் பரிசோதனையை நீ இன்னும் செய்யவில்லை என்று சிட்டு சொன்னாள். ஊசிக்குப் பயந்தவன் நீ, எனக்குத் தெரியாதா. போய்க் கையை நீட்டு. அங்கேயும் கீழ்த்தளத்தில் யாரோ பெற்ற பிள்ளை ஒன்று உனக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சிட்டுவின் பாட்டி