வேலாயி பெயர் போட்ட பக்கம்

டயகம
03.03.2024

அன்பின் ஹப்ஸா,

நலமா? மருமகளுக்கு இருமல் குறைந்ததா?

நம் புத்தகம் வந்து சேர்ந்தது. ஒரே பொருள் தரும் சொற்களைப் பன்னிரண்டு வருடமாகத் தோட்டத்து லயம் லயமாக, வீடு வீடாகக் கேட்டு அட்டைகளில் எழுதினோமே, அதெல்லாம் அச்சில்! முந்தாநாள் பாடசாலையில் முப்பது பிரதி விற்றேன். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவும் ஒன்று வாங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தேன்.

வேலைக்குப் போகாமல் இருப்பதற்கான சொற்கள். கீழே இப்படி:

“காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கு வராமலே வீட்டுல இருந்தா மட்டம் போடுறது. பேர் குடுத்துட்டு மெல்லப் போனா நழுவுறது. ஐயா பாத்துக்கிட்டு இருக்கும்போதே போனா டிமிக்கி. நான் மூணும் செஞ்சிருக்கேன். – வேலாயி, கொழுந்து எடுப்பவர், டயகம.”

எங்கள் தோட்டத்தில் வேலாயி ஒருத்திதான். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். பதினைந்தாம் தேதி துரை முன்னால் நேர்முகம், கண்டாக்கு ஐயாவும் பக்கத்தில் இருப்பார். அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இந்த வேலை இல்லாவிட்டால் மலை ஏறியே சாக வேண்டும்.

பெயர்களை எடுத்துவிடும்படி உன்னிடம் சொல்லவில்லையா? அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு தடவை பார்க்கக்கூடாதா? கடை வேலையில் உனக்கு எல்லாமே அவசரம்.

நாகலெட்சுமி

ஹட்டன்
06.03.2024

அன்பின் லெட்சுமி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பெயர்களை எடுக்கும்படி நீ சொல்லவில்லை. “யார் வாயிலிருந்து வந்த சொல்லோ அவர் பெயரோடுதான் போக வேண்டும்” என்று என்னோடு மல்லுக்கு நின்றவள் நீ. உன் கையெழுத்தில் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அனுப்பமாட்டேன். பார்த்தால் நீ அழுவாய்.

கடையில் கிடந்த நூற்றெழுபது பிரதியிலும் வேலாயி பெயருக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டோம். மருமகளும் நானும் இரண்டு நாள் சோறு கறியைக்கூட ஒழுங்காகச் சமைக்கவில்லை. இத்துடன் பத்துப் பிரதி பஸ்ஸில் அனுப்புகிறேன். கண்டாக்கு ஐயா கையில் இருப்பதற்குத்தான் வழியில்லை.

பயம், கிலி, திகில், நடுக்கம் என்று வித்தியாசம் பார்த்துப் பார்த்து எழுதினோம். இப்போது என் நெஞ்சில் இருப்பதற்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை. அந்தப் பெண்ணின் வேலை போனால் எனக்கு இந்தச் சொல்லும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். இனிமேல் ஒன்றும் அனுப்பாதே.

மனத்தாங்கலுடன்
ஹப்ஸா

டயகம
16.03.2024

என் ஹப்ஸா,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேலாயிக்கு வேலை கிடைத்துவிட்டது! நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குகிறது.

பதினைந்தாம் தேதிவரை அவள் லயத்துப் பக்கமே தலை காட்டாமல் சுற்றிப் போனேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் சொன்ன வித்தியாசப்படி நான் செய்தது டிமிக்கி.

நேர்முகத்தில் கண்டாக்கு ஐயா புத்தகத்தை விரித்து வாசித்தே காட்டினாராம். “இது நீ சொன்னதா?” என்றாராம். இவள் சொன்னது: “ஆமாங்க, நாந்தான். பதினெட்டு வருசத்துல நாலு நாளுங்க. நாலு நாளும் புள்ளைக்குக் காய்ச்சல். அப்ப பிள்ளைக் காம்பராவுல பாத்துக்க சரியான ஆள் இருந்திருந்தா நான் ஏன் போறேன்?”

கண்டாக்கு ஐயா சிங்களத்தில் சொல்லச் சொல்ல, துரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிடவே இல்லையாம்.

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். நீ ஒட்டி அனுப்பிய பிரதியைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் முகம் சுருங்கிவிட்டது. “எம்பேரு எங்கங்க டீச்சர்?” என்றாள். “உன் நல்லதுக்காகத்தான் மறைத்தோம்” என்றேன். “சம்பளச் சீட்டுல நம்பர், ஆஸ்பத்திரித் துண்டுலயும் நம்பர். புஸ்தகத்துல ஒரு தடவதான் பேரு வந்துச்சு. அத மூடச் சொல்லி நான் கேட்டேனா?” என்றாள். போடும்போதும் நாம் கேட்கவில்லை, மூடும்போதும் கேட்கவில்லை, ஹப்ஸா.

அந்தத் தாள் உன்னிடமே இருக்கட்டும். நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் கடிதம் எழுதும்போதும் ஞாபகம் இருந்தது. பயத்தில் பழியை உன் தலையில் கட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன்
லெட்சுமி

ஹட்டன்
19.03.2024

அன்பின் லெட்சுமி,

அல்ஹம்துலில்லாஹ். உன் கடிதத்தை நோன்பு திறக்கும் நேரத்தில் வாசித்தேன். பேரீச்சம்பழம் கையிலேயே இருந்தது. அழுதுவிட்டேன், பிறகு சிரித்தேன். மருமகள் பயந்துபோனாள்.

ஈரத்துணி வைத்து இங்கே இருந்த பிரதிகளில் எல்லாத் தாளையும் உரித்தாயிற்று. ஒன்பது பிரதியில் பெயரும் சேர்ந்து கிழிந்துவிட்டது. அவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நீ வா, வேலாயியையும் கூட்டி வா. பேனை நான் தருகிறேன். அந்த ஒன்பதிலும் அவளே தன் பெயரை எழுதட்டும். எழுத விருப்பமா என்று முதலில் கேள்.

ஹப்ஸா