827க்கு அடுத்த எண்

என் அன்பு நங்கையாவுக்கு,

நீங்கள் அண்ணன் பெண்டாட்டியாய் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தானே கூப்பிட்டேன்? நீங்கள் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. போய் என்று சுலபமாக எழுதிவிட்டேன். கொன்றான் என்று எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. கொன்றவன் என் கூடப்பிறந்தவன்.

1373653. நாம் நூல் பிசிர் வெட்டிய பனியன் கம்பெனியில், பழைய நிட்டிங் மிஷின் தகட்டில் இருந்த எண். "பாரு கண்ணு, இது எதுக்கும் அடங்காத நம்பரு" என்பீர்கள். மதியச் சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு 2, 3, 5, 7 என்று பகா எண்களாக எடுத்து நோட்டில் வகுப்பீர்கள். 1172 வரை பார்த்தால் போதுமாம். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு நம்பரப் பெருக்கித்தான இது வரோணும்? ரெண்டும் அதுக்கு மேல போனா இதைத் தாண்டிப்போயிருமல்லோ?" என்று சிரித்தீர்கள். ஊர்ப் பெண்கள் முருகனிடம் பிள்ளை கேட்டார்கள், நீங்கள் மீதி வைக்காமல் அதை வகுக்கும் எண்ணைத் தேடினீர்கள்.

லேண்ட்லைன் நம்பர் போல ஏழு இலக்கமாய், அந்த எண்ணை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு உங்கள் பர்சிலிருந்து அண்ணன் கையில் சிக்கியது.

"எவனோட போன் நம்பருடி இது?"

"ஐயோ, மிஷின் நம்பருங்க. வகுத்துப் பாக்க எழுதி வெச்சேனுங்க."

தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். மோதிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமாடி?" என்றான். நீங்களும் என்னைத்தான் பார்த்தீர்கள்.

"எனக்குத் தெரியாதுங்கண்ணா" என்றேன். அடுத்த அடி எனக்கு விழும் என்று பயந்தேன். அவன் சாணை பிடிக்கக் கொண்டுவந்திருந்த, துணி வெட்டும் பெரிய கட்டிங் கத்தரியை எடுத்தான். மூன்று குத்து. சுவரெல்லாம் ரத்தம். நான்தான் கழுவினேன், நங்கையா.

உங்கள் நோட்டில் கடைசி வரி 827, மீதி 6. அடுத்த பகா எண் 829. நேற்று நானே உட்கார்ந்து வகுத்தேன். ஈவு 1657, மீதி இல்லை! உங்கள் எண் அடங்கிவிட்டது. 829ஐ இரட்டித்து ஒன்றைக் கழித்தால் அதே 1657. கேட்டிருந்தால் குதித்திருப்பீர்களே? இன்னும் ஒரே ஒரு மதியம் போதுமாயிருந்தது. அந்தப் பாவியின் கை விளங்காமல் போகட்டும்.

நாளை நான் கோர்ட்டில் சாட்சி. சீட்டில் இருந்தது எவனோ ஒருவனின் போன் நம்பர் என்றால், ஆத்திரத்தில் செய்தது என்று தண்டனை குறையுமாம். அம்மா காலையிலிருந்து என் கையை விடவில்லை. "போன் நம்பருன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு கண்ணு. உங்கண்ணன் ஊடு வந்து சேரட்டும்." முடியாது என்றேன். அப்படியானால் இந்த வாசலை மிதிக்காதே என்றாள். துணிமணியைக் கட்டி வைத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கூண்டில் ஏறி நோட்டைக் கொடுப்பேன், தகட்டைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். அது என்ன எண் என்று உனக்குத் தெரியுமா என்று வக்கீல் கேட்பார். அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். தெரியும். அன்றைக்கும் தெரியும்.

உங்கள் நாத்தனார்,
சரசு