வாட்டமும் வட்டமும்

செஞ்சி,
2-2-1964, ஞாயிறு

அன்புள்ள மகன் இருதயநாதனுக்கு,

அம்மா அருளம்மாள் சொல்ல, உன் தங்கை ரோஸ்மேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பிலாயில் உன் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க வேண்டுமென்று இன்று பூசையில் வேண்டிக்கொண்டோம். நைனாவுக்கு இருமல் நின்றுவிட்டது. இதுவரை அம்மா சொன்னது. மிச்சத்தை, நீ பண்ண கூத்த நீயே உன் கையால எழுதுடி என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அதனால் அண்ணா, இனி நானே எழுதுகிறேன்.

நம் பலகாரக் கடையின் பின்புறம் பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்குகிறதென்று சானிடரி இன்ஸ்பெக்டர் கடையை மூடச் சொன்னதும், தொட்டியிலிருந்து தெருச் சாக்கடை வரை மண்குழாய் பதித்து மேலே கான்கிரீட் தளம் போட முடிவு செய்ததும் உங்களுக்குத் தெரியும். வருகிற புதன்கிழமை அவர் மறுபடி பார்க்க வருகிறார். அவர் சரி என்றால்தான் மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் கூட்டத்துக்குக் கடை திறக்க முடியும். தளம் இறுகிவிட்டால் குழாயை யாரும் தொட முடியாது, அதற்கு முன்பே பத்திரப்படுத்துங்கள் என்று நீங்கள் எழுதிய கடிதத்தைக் கொத்தனார் முருகையனுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அடியிலும் மேலேயும் மணல், கூரான ஜல்லி படக் கூடாது, சுவருக்குள் நுழையும் இடத்தில் பெரிய குழாய்த் துண்டை உறையாக விட வேண்டும், எல்லாம் புரிந்தது. 'குழாய் வாட்டமாக இருக்க வேண்டும்' என்ற வரி மட்டும் புரியவில்லை. வாட்டம் என்றால் சோர்வு என்றுதான் படித்திருக்கிறேன். அண்ணன் அவசரத்தில் ஒரு துணைக்கால் அதிகம் போட்டுவிட்டார் என்று நினைத்து, அதைப் பென்சிலால் அடித்து 'வட்டமாக' என்று படித்தேன். அதோடு விட்டேனா, ஒவ்வொரு குழாயின் வாயையும் நூல் பிடித்து அளந்து, முட்டை வடிவில் இருந்த ஒன்றை வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்ப வைத்தேன். போன புதன்கிழமை சாயங்காலம் கொத்தனார் வேலை முடித்துப் போன பிறகு பார்த்தால், குழாய் சாக்கடைப் பக்கம் தாழ்ந்திருந்தது. மணல் இறங்கிவிட்டது, தளத்தின் பாரத்தில் உடைந்துவிடும் என்று பயந்தேன். மூட்டுப் பூச்சு இன்னும் ஈரமாக இருந்ததால் குழாய் அசைந்து கொடுத்தது. மெல்லத் தூக்கி அடியில் மணலைத் திணித்து, இரண்டு முனையையும் ஒரே மட்டமாக்கிவிட்டேன்.

வியாழன் காலை, பர்மிட்டில் வாங்கிய சிமெண்டு மூட்டையைப் பிரிக்கும் நேரத்தில் சித்தாள் மங்கை தொட்டியில் கை கழுவினாள். தண்ணீர் போகாமல் திரும்பி வந்தது. இன்னாய்யா, தண்ணி கோச்சிக்கினு பொறந்த ஊட்டுக்கே வருது என்றாள் அவள். நேத்து நான் உட்ட வாட்டம் எங்க போச்சு என்று கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தேடினார். அந்தச் சொல் காதில் விழுந்ததும்தான் எனக்குப் புரிந்தது. தண்ணீர் ஓடுவதற்கு விடும் சரிவைத்தான் வாட்டம் என்கிறார்கள்! பேசாமலிருந்தால் பழி அவர் மேல் போகும் என்று, கடிதத்தைக் கொண்டுவந்து என் பென்சில் கோட்டைக் காட்டினேன். படிச்சவ சொன்னா தண்ணி மேடு ஏறுமா என்று அம்மா கத்தினாள். கொத்தனாரோ சிரித்துவிட்டார். உடும்மா, கொழாய்ல இருக்க வேண்டிய வாட்டம் பாப்பா மூஞ்சில இருக்குது, எடுத்து வச்சிடலாம் என்றார்.

அன்றே குழாயை மறுபடி சரித்து, மூட்டுகளைப் புதிதாகப் பூசினார். மணல் சலித்துக் கொடுத்தது நான்தான். நேற்றுக் காலை ஒரு குடம் தண்ணீரோடு வாழைநார் ஒன்றையும் தொட்டியில் விட்டார்கள். நான் தெருவில் குனிந்து நின்றேன். பத்து எண்ணுவதற்குள் நார் வந்து விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தளம் போட்டார்கள். இப்போது அதன் மேல் ஈரச் சாக்கு கிடக்கிறது, யாரும் மிதிக்காமல் நைனா நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் சம்மதித்தால் கடை திறக்கலாம் என்று எழுதப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து, இன்னாடி 'லாம்', தண்ணிதான் போவுதில்ல, தெறக்கிறோம்னு எழுது என்றாள். எழுதுகிறேன் அண்ணா, அமாவாசைக்குக் கடை திறக்கிறோம்.

முடிவாக அம்மா சொல்வது: மகனே, மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. பாஸ்கா பண்டிகைக்கு இப்போதே லீவு கேட்டு வை, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா அருளம்மாள்
எழுதியவள் ரோஸ்மேரி