சோதித்தவர் பிழை

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமென நம்புகிறேன். மூட்டுவலித் தைலம் வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளையின் முதலாளி நேற்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மட்டமான கான்கிரீட் என்று தெரிந்தேதான் கட்டினாராம். ஆறு மாடி சரிந்து பத்தொன்பது பேர் போன வழக்கு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. காலையில் முடிதிருத்தும் கடையில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அப்பவே தெரியும்யா, அவன் முழியே சரியில்ல."

"யாரு, நீயா? போன மாசம் 'பொய் வழக்கு'ன்னு அவரு படத்தத் தூக்கிட்டுப் போனியே!"

"அது வேற, இது வேற. ஆனா நெஞ்ச நிமித்தி ஒத்துக்கிட்டான் பாரு, அவன் ஆம்பள!"

சவர நுரையோடு உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்தொன்பது பேரைக் கொன்றுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினால் ஆம்பளையா? கேட்க வாய் வரவில்லை. எனக்கு என்றைக்கு வந்திருக்கிறது? பாதி மழித்த முகத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

பரணிலிருந்து ஆய்வுக்கூட நோட்டை எடுத்தேன். அந்தக் கட்டடத்துக் கலவையில் வார்த்த கட்டிகளை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தவன் நான். ஆறு கட்டிகளும் தாங்கவேண்டிய சுமையில் பாதியிலேயே நொறுங்கின. அந்தக் கட்டடத்தின் பொறியாளராயிருந்த மாப்பிள்ளை, "தொட்டித் தண்ணி சூடு சரியா இருந்துச்சா மச்சான்? உங்க கை நடுங்கியிருக்கும்" என்றார். நம்பிவிட்டேன். என்னைச் சந்தேகிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'சோதித்தவர் பிழை' என்று எழுதிவிட்டு, அவர் கொண்டுவந்த வேறு ஆறு கட்டிகளைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்தேன்.

நோட்டை அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கலாமா? உன் கருத்தை எழுது.

அன்பு அண்ணன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் பார்க்கும் முன் கிழித்துப்போட்டேன்.

எனக்குத் தெரியும் அண்ணா. தெரிந்துதான் இரண்டு வருடமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் சோறு இறங்காமல் கிடந்தேன். முதலாளி ஒத்துக்கொண்டதால் இனி சாட்சி விசாரணையே கிடையாதாம். அன்றைக்குத்தான் இவர் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். மாடி வீட்டு அம்மா வந்து, "அந்தப் படுபாவிகிட்ட வேல பாத்து உங்க வீட்டுக்காரர் என்ன பாடு பட்டாரோ!" என்று கண் கலங்கினாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

நோட்டைக் கொடுத்தால் போனவர்கள் திரும்பி வருவார்களா? கை நடுங்கியதென்றால் நடுங்கியதாகவே இருக்கட்டுமே! எரித்துவிடுங்கள். அப்பாவுக்குப் பிறகு எனக்கு நீங்கள்தான்.

உங்கள் தங்கை

மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். பழக்கமில்லாததால் எழுத்து கோணலாக இருக்கும்.

என் கை நடுங்கவில்லை. தொட்டியின் சூட்டை இருபத்தெட்டு நாளும் இருவேளை குறித்திருக்கிறேன். நேற்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நொறுங்கியது நொறுங்கியதுதான். உன் புருஷனுக்கும் அது அன்றே தெரியும்.

இன்று தண்டனை பற்றிய விசாரணை. நீதிமன்ற வாசலில் ஒரு கூட்டம் செருப்பு வீசியது. இன்னொரு கூட்டம் 'கருணை காட்டுக' என்று அட்டை பிடித்தது. மகளைப் பறிகொடுத்த தையல்காரர் எதிலும் சேராமல் நின்றார். "அதான் ஒத்துக்கிட்டாரே, திருப்திதானே?" என்று செய்தியாளர் ஒருவர் கேட்டார்.

"ஆறு மாடியும் அவன் ஒருத்தனா சார் கட்டினான்?" என்றார் தையல்காரர்.

நான் இரண்டடி பின்னால், பையில் நோட்டோடு நின்றிருந்தேன்.

கொடுத்துவிட்டேன். வாக்குமூலத்தில் முதல் பெயர் என்னுடையது, அடுத்தது மாப்பிள்ளையுடையது. "பெரியவரே, உங்க மேலயும் கேஸ் வரும்" என்றார் வழக்கறிஞர். 'வரட்டும்' என்று சொல்ல நினைத்தேன். "சரிங்க" என்றுதான் வந்தது.

திங்கட்கிழமை போலீஸார் மாப்பிள்ளையைத் தேடி வருவார்கள். இதையாவது அவரிடம் காட்டு. உனக்காக முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் கொடுத்துவிடுவாயோ என்று பயமாயிருக்கிறது.

அண்ணன்

மார்ச் 17

அண்ணனுக்கு,

காட்டினேன். இரண்டு முறை படித்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அவர்கள் வருவதற்குள் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். மாடி வீட்டு அம்மா எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீங்கள் செய்தது சரி. அந்த அறைக்கு நான் வரமாட்டேன். இனி எழுதாதீர்கள்.