உடைக்கக் கூடாத உறை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று உட்கார நேரமில்லை. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்திருக்கிறது போல. பிள்ளைகள் எல்லாம் டாக்டர் சீட்டும் கையுமாக வந்து நிற்கின்றன. போன வாரம் கண்ணாடி வாங்கிப்போன ஒருவர் திரும்பி வந்து, "இதுல எதுவும் சரியாத் தெரியலைம்மா" என்றார். முதலாளி அவரை உட்காரவைத்து முதலிலிருந்து பார்த்தார். ஒரு கண்ணுக்கு லென்ஸ் மாறியிருந்தது. மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கக் காசுகள். ஞாயிற்றுக்கிழமை இவருடைய நாணயச் சங்கத்தில் கண்காட்சி. இவர்தான் செயலாளர். சங்கத்தில் இவருக்குப் பெயர் 'பூதக்கண்ணாடி'. அது பாராட்டு என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். சமையலறையில் உப்பு டப்பாவுக்குக்கூடச் சீட்டு எழுதி ஒட்டுகிற மனுஷன். சீட்டில்லாத பொருள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மேசை நடுவில் அந்தத் தங்கக் காசு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள். காசுப் பெட்டியின் அடியில் இன்னொரு உறை, பழைய செய்தித்தாளில் சுற்றியபடி. அதை இவர் எடுக்கவில்லை. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு மூடியைச் சாத்தினார்.

மார்ச் 6, வியாழன்

ஓரகத்தி கடைக்கு போன் பண்ணினாள். மகளோடு போய் இருக்கப் போகிறார்களாம், கடல் தாண்டி. ஏப்ரல் நடுவில் கிளம்புகிறார்கள். வீட்டைக் காலி பண்ணுகிறார்கள்.

"இனிமே வரமாட்டோம்க்கா. அவர் உங்ககிட்டச் சொல்லச் சொல்லலை. எனக்கு மனசு கேக்கலை, அதான் சொல்றேன்."

இவரிடம் சொன்னேன். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "போகட்டும்" என்றார். கூடப் பிறந்தவன் தேசம் விட்டுப் போகிறான், ஒரு வார்த்தை— போகட்டுமாம்!

இதை ஒரு தடவை எழுதிவைத்துவிடுகிறேன். அத்தை கடைசிவரை சின்ன மகன் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன ஒரே தங்கம், ராஜா தலை போட்ட ஒரு பழைய காசு. கொழுந்தனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எண்ணெய்க் கறைக் கையோடு ஒருநாள் வந்து, துணியில் முடிந்த அந்தக் காசை இவர் முன்னால் வைத்தார். "அண்ணே, காசு சேக்கிறவர் நீங்க. அம்மாவோடது உங்ககிட்ட இருக்கிறதுதான் சரி."

அதே அச்சில் ஒரு காசை இவரும் பழைய சாமான் கடையில் வாங்கிவைத்திருந்தார். கை பட்டால் தரம் குறையும் என்று எடைகூடப் போடாமல் இரண்டையும் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினார். இரண்டும் உறைக்குள் அடைபட்டு, சீட்டு ஒட்டித் திரும்பி வந்தன. இவர் வாங்கியது தங்கம். அத்தையுடையது செம்பு, மேலே தங்க முலாம். கவரிங்.

அடுத்த முறை கொழுந்தன் குடும்பத்தோடு சாப்பிட வந்தபோது, சோறு போட்டதும் இவர் கேட்டார். "அம்மா காசை என்னடா பண்ணினே?"

கொழுந்தன் முதலில் சிரித்தார், ஏதோ விளையாட்டு என்று. அப்புறம் முகம் மாறியது. "அம்மா குடுத்தது அதுதாண்ணே. உறையை உடைச்சு எடை போட்டுப் பாருங்க."

"உடைச்சா அந்தச் சீட்டுக்கு மதிப்பு போயிடும். கம்பெனியில மூணு பேர் தனித்தனியாப் பாத்துச் சொன்னது. அவங்களுக்கு என்ன, உன்மேல பகையா?"

பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனவர்தான், வருஷங்களாகியும் திரும்பி வரவில்லை. உடைத்துத்தான் பாருங்களேன் என்று நானும் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி பார்ப்பார்.

மார்ச் 9, ஞாயிறு

கண்காட்சி. என்ன எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது?

யாரோ படம் எடுக்கக் கேட்டார்கள். இவர் தங்கக் காசு உறையைத் தூக்கிக் காட்டினார். கை நழுவி, மேசையின் இரும்புக் காலில் பட்டு, உறை மூலையில் பிளந்து காசு வெளியே உருண்டது. சங்கத்து நகைக்கடைக்காரர் குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் இரண்டு தரம் குலுக்கினார்.

"என்ன சார், லேசா இருக்கே?"

"சீட்டைப் பாருங்க" என்றார் இவர்.

"சீட்டு கிடக்கட்டும் சார். காசு லேசா இருக்கு."

இரும்பில் பட்ட இடத்தில் விளிம்பு சுரண்டிப்போயிருந்தது. உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. நகைக்கடைக்காரர் பையிலிருந்து தராசை எடுத்தார். தங்கம் இருக்கவேண்டிய எடையில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வீடு வரும்வரை இவர் அந்தச் சீட்டையே படித்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 10, திங்கள்

இவர் சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் கேட்டேன். "இன்னொண்ணை எப்ப உடைக்கப் போறீங்க?"

"அவங்க ஒண்ணுல தப்புப் பண்ணினா ரெண்டுலயும் பண்ணியிருப்பாங்கன்னு அர்த்தமில்லை."

எனக்கு வந்ததே கோபம்! கத்திவிட்டேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "எங்க கடையில கண்ணாடி போட்டவரு தெரியலைன்னு வந்தா, டாக்டர் சீட்டைக் காட்டிச் சண்டை போடமாட்டோம். உக்காரவெச்சு மறுபடி பாப்போம். உங்க தம்பி மறுபடி பாருங்கன்னுதானே கேட்டாரு? வேற என்ன கேட்டாரு அந்த மனுஷன்?"

அத்தை காசு சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து, கருவிப்பெட்டியிலிருந்து குறடை எடுத்து உறையை நானே உடைத்தேன். பிளாஸ்டிக் சில் தெறித்து விரலைக் கிழித்தது. தடுக்க எழுந்தவர், ரத்தத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். காசு என் கையில் விழுந்தது. கனமாக விழுந்தது. பார்க்காமலே தெரிந்துவிட்டது எனக்கு.

இருந்தாலும் நகைக்கடைக்காரரிடம் இரண்டு பேரும் போனோம். உரைகல்லில் உரைத்தார், எடை போட்டார். "சுத்தத் தங்கம்மா. யாரு கவரிங்னு சொன்னது?"

இவர் கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

"போய் தம்பியைப் பாருங்க" என்றேன்.

"கம்பெனிக்கு எழுதியிருக்கேன். ரெண்டையும் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்காங்க. சரியான சீட்டு ஒட்டிக் குடுத்துருவாங்க. அதை வாங்கிட்டுப் போறேன்."

"தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கறதுக்குமா சீட்டு வேணும்?"

"வெறுங்கையோட எப்படிடீ போய் நிப்பேன்?"

குரல் உடைந்திருந்தது. கோபம் பாதி இறங்கிவிட்டது எனக்கு. வெட்கம்தான் மனுஷனைப் பிடித்துத் தின்கிறது. ஆனாலும் தப்பு தப்புதான். அவர்கள் ஏப்ரலில் போகிறார்கள், தெரியும்தானே இவருக்கு?

மார்ச் 14, வெள்ளி

பார்சல் போய்விட்டது.

மார்ச் 25, செவ்வாய்

கம்பெனியிலிருந்து பேசினார்கள். ஒரு பெண், நல்ல பணிவான குரல். பார்த்த மூன்று பேரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்களாம். இரண்டும் ஒரே அச்சு, ஒரே பார்சல். முடிவைப் பதியும்போது ஒன்றினுடையது மற்றதற்குப் போய்விட்டதாம். "ரொம்ப அபூர்வமா நடக்கிறது சார்."

அபூர்வம்தான். ஆயிரம் வீட்டுக்குச் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். எங்கள் கடையில் லென்ஸ் மாறவில்லையா? அந்தப் பெண்ணைக் குறை சொல்ல வாய் வரவில்லை. இவரைத்தான் பார்த்தேன். "பாத்தியா, கண்ணு தப்பலை அவங்களுக்கு" என்கிறார், என்னமோ அதில் ஒரு நிம்மதி மாதிரி! எனக்கு அழுவதா அடிப்பதா தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

தினமும் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறார். தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே இல்லை என்று கை காட்டிவிடுகிறார்.

ஓரகத்தி பாத்திரங்களைக்கூடக் கொடுத்துவிட்டாளாம். இவர் வருவார் என்று சொல்லட்டுமா? சொல்லவில்லை. இவர் வாயால் சொல்லவேண்டியதை நான் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஏப்ரல் 7, திங்கள்

வந்துவிட்டது. புது உறை, புதுச் சீட்டு, தங்கம் என்று. கூடவே ஒரு வருத்தக் கடிதம். இவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, உறையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். நானும் போனேன்.

வீட்டில் நாற்காலிகூட இல்லை. கூடம் நிறைய அட்டைப் பெட்டிகள். கொழுந்தன் ஒரு பெட்டியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். "வாங்க அண்ணி" என்றார். அண்ணனை வாங்க என்று சொல்லவில்லை. தலை நரைத்துப்போயிருந்தது.

இவர் நின்றுகொண்டே உறையை நீட்டினார். கடிதத்தையும். "தப்பு நடந்துபோச்சுடா. அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. அம்மா காசு தங்கம்தான். நீ சொன்னதுதான் சரி."

கொழுந்தன் கடிதத்தை வாங்கிப் படித்தார், ஒரு வரி விடாமல். உறையைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் இவர் கையிலேயே வைத்தார்.

"அப்பவும் அவங்க சொன்னதைத்தான் நம்புனீங்க. இப்பவும் அவங்க சொன்னதைத்தான் நம்புறீங்க. நான் சொன்னதை எப்பண்ணே நம்பப் போறீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் டேப் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு நாளாக ரேடியோகூட வைக்கவில்லை.

"அவன் சொன்னது சரிதான்"— இதை இன்று மாலை இவரே சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கலைடீ. எங்கிட்ட பொய் சொல்லாத பய அவன். சின்ன வயசுலயிருந்து ஒரு பொய் சொன்னதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அந்தச் சீட்டைப் பாத்தவுடனே—"

கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

கடையிலிருந்து வந்தபோது குறடு மேசைமேல் இருந்தது. புது உறையை உடைத்திருக்கிறார். இவரே! சீட்டு நாலாகக் கிழிந்து குப்பைக் கூடையில் கிடந்தது. காசு சட்டைப்பையில். வெறும் காசு, துணிகூட இல்லை.

"கை பட்டா தரம் குறையுமே" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"குறையட்டும்" என்றார்.

ஏப்ரல் 12, சனி

இவர் மட்டும் போனார். என்னை வரவேண்டாம் என்றார். காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார். சலவைச் சட்டை அழுக்கு, விரல் முட்டியில் கயிறு அறுத்த தடம்.

என்ன நடந்தது என்று கேட்டேன். "பெட்டி கட்டினோம்" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"இந்தப் பக்கம் பிடிங்கன்னான். பிடிச்சேன்."

"காசு?"

"அம்மா காசுடான்னு குடுத்தேன். வாங்கிப் பையில போட்டுக்கிட்டான். பாக்கக்கூட இல்லை. மத்தியானம் சாப்பிட உக்காந்தோம், தரையில. அவன் பாதியில எந்திரிக்கலை."

சொல்லிவிட்டு அழுக்குச் சட்டையைக் கழற்றப் போனார்.

ஏப்ரல் 14, திங்கள்

விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்தோம். ஓரகத்தி அழுதாள், நான் அழுதேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பெட்டி எண்ணுகிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போகும் முன் கொழுந்தன் திரும்பி வந்து, டேப் போட்டு ஒட்டிய ஒரு அட்டைப் பெட்டியை இவர் கையில் வைத்தார். "இதைக் கொண்டுபோக முடியாது. நான் வர்றவரைக்கும் வெச்சிருங்கண்ணே."

வர்றவரைக்கும் என்று சொன்னார். என் காதால் கேட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெட்டியை அலமாரி மேல்தட்டில் வைக்க இடம் ஒதுக்கினேன். கனமும் இல்லை, லேசும் இல்லை. ஆட்டினால் சத்தம் வரவில்லை. மேலே ஒரு எழுத்துகூட எழுதவில்லை. பழக்கதோஷத்தில் இவருடைய சீட்டுக் கட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். "உள்ளே என்னன்னு எழுதறது?"

"தெரியாது. கேக்கலை."

பேனாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மேல்தட்டில் வைத்தார்.

"சீட்டெல்லாம் வேண்டாம். தம்பி குடுத்தது."